வினாக்கொத்தை எழுதுவது யார்?

சமூகவியல் படிக்கிற யாரிடமாவது "எந்தப் பேப்பர் கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கோட்பாடு. "ஐயோ, அந்தத் தியரி பேப்பரா? பாஸானாப் போதும்." சீனியர்மார் சொல்லித் தருவதும் அதைத்தான். நாலு பேருடைய பெயர், பத்து எண்ணக்கரு, கடைசியில் நாலு விமர்சனம். பாடமாக்கு, எழுது, மறந்துவிடு. கடைசி வருடம் களஆய்வு வரும், அதுதான் 'உண்மையான' சமூகவியல்.

அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். கோட்பாடு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க வேறு யாருக்காவது வசதி இருக்கலாம். தோட்டத்திலிருந்து கம்பஸுக்கு வந்த நமக்கு இல்லை. கோட்பாடு தெரிந்தவர் கேள்வி எழுதுகிறார், தெரியாதவர் பதில் சொல்கிறார். நம்ம லயங்களில் இருக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பதில் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நோட்ஸுக்குள் செத்துப்போனவர்கள்

முதலில் இந்தப் பாடம் நமக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்போம். எத்தனை கை மாறியது என்றே தெரியாத ஒரு போட்டோகொப்பி. ஒகஸ்ட் கொம்ட், பிறப்பு 1798, சமூகவியலின் தந்தை. மார்க்ஸ், பிறப்பு 1818, முரண்பாட்டுவாதம். துர்க்கைம், பிறப்பு 1858, தொழிற்பாட்டுவாதம். வெபர், பிறப்பு 1864, சமூகச் செயல். ஒவ்வொருவருக்கும் ரெண்டு பக்கம். அவர்கள் யாரோடு சண்டை பிடித்தார்கள், எதைப் பார்த்துக் கோபப்பட்டார்கள், எந்தக் கேள்வி அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது, இது எதுவும் அந்த ரெண்டு பக்கத்தில் இருக்காது. 'அந்நியமாதல் நான்கு வகைப்படும்' என்று இருக்கும். நாலையும் எழுதினால் புள்ளி.

இதில் மொழிக் கஷ்டம் வேறு. தமிழ் மூலத்தில் படிக்கிற நமக்கு மூலநூல் இங்கிலீஷில். தமிழில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கத்தின் சுருக்கம். அதனால் மார்க்ஸ் எழுதிய ஒரு முழு அத்தியாயத்தைக்கூட வாசிக்காமல் மார்க்ஸைப் பற்றி மூன்று பரீட்சை எழுதிவிடலாம். எழுதிக்கொண்டும் இருக்கிறோம்.

உதாரணம் ஒன்று சொல்கிறேன். வெபரின் மூன்று வகை அதிகாரம். நோட்ஸில் உள்ள உதாரணங்கள் எல்லாருக்கும் தெரியும். மரபுசார் அதிகாரத்துக்கு அரசர். கவர்ச்சிசார் அதிகாரத்துக்கு காந்தி, இல்லாவிட்டால் ஹிட்லர். சட்டம்சார் அதிகாரத்துக்கு அரசாங்கக் கந்தோர். ஒரு ஹோல் முழுக்க இதே மூன்றைத்தான் எழுதிவிட்டு வருகிறது.

அந்த ஹோலில் உட்கார்ந்திருக்கிற தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொருவருடைய குடும்பக் கதையிலும் ஒரு கங்காணி இருக்கிறார். கங்காணி யார்? ஊரில் சொந்தக்காரர், அல்லது சாதியில் பெரிய ஆள். அவரை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். அப்படிப் பார்த்தால் மரபுசார் அதிகாரம். ஆனால் அவரே கடனும் கொடுத்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் துரையிடம் காசு வாங்கினார். அவர் கையில் 'துண்டு' இருந்தது. கடனைத் தீர்த்துத் துண்டு வாங்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது, 1921-இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை. அதற்கு மேலே துரை, கணக்கப்பிள்ளை, செக்ரோல், பிரட்டுக்களம், எல்லாம் எழுத்தில், எல்லாம் விதிப்படி. அது சட்டம்சார் அதிகாரம். ஆக, கங்காணியை வெபரின் எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்?

எந்தப் பெட்டியிலும் தனியாக அடங்கமாட்டார். வெபர் தன் வகைகளைத் தூய மாதிரிகளாகத்தான் வைத்தார், நிஜத்தில் அவை கலந்துதான் வரும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் தோட்டத்தில் அவை தற்செயலாகக் கலக்கவில்லை. கணக்குப் புத்தகம் ஓடுவதற்காகச் சொந்தபந்தத்தை வேலைக்கு எடுத்தார்கள். நவீன முதலாளித்துவம் வந்தால் பழைய உறவுகள் கரைந்துபோகும் என்றுதானே படிக்கிறோம்? நம்ம மலையில் முதலாளித்துவம் சாதியையும் சொந்தத்தையும் சம்பளப் பட்டியலில் போட்டே வளர்ந்தது. இந்தக் கேள்வி பரீட்சைத் தாளில் வந்தால் வெபரும் உயிரோடு இருப்பார், நம்ம பூட்டனும் இருப்பார். வராது. "மூன்று வகை அதிகாரங்களை விளக்குக" என்றுதான் வரும்.

தலைப்பு: பிரச்சினைகள்

இனி அந்த 'உண்மையான' சமூகவியலுக்கு வருவோம், கடைசி வருட ஆய்வுக்கு. மலையகத்துப் பிள்ளை என்றால் தலைப்பும் கிட்டத்தட்ட ரெடி. 'பெருந்தோட்டத் தொழிலாளர்கள் எதிர்நோக்கும் சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகள்.' தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிலருக்கு 'மதுபாவனை', சிலருக்கு 'பாடசாலை இடைவிலகல்', சிலருக்கு 'இளவயதுத் திருமணம்'. எல்லாமே பிரச்சினை. நம்ம ஆட்கள் வாழ்கிறார்கள் என்று ஒரு தலைப்பும் சொல்லாது.

பிறகு வினாக்கொத்து. "உங்கள் வீட்டில் மது அருந்துபவர் உள்ளாரா? ஆம் / இல்லை." "பிள்ளை பாடசாலையை விட்டு விலகக் காரணம்: (அ) பெற்றோரின் அக்கறையின்மை (ஆ) வறுமை (இ) பிள்ளையின் விருப்பமின்மை." காலையில் மலைக்குப் போய், மழையில் நனைந்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாவிடம் அவருடைய பிள்ளை வயதில் ஒருத்தர் இதைக் கேட்கிறார். அவரும் சிரித்துக்கொண்டே ஏதோ ஒன்றுக்குச் சரி போடச் சொல்கிறார். தேத்தண்ணியும் கொடுக்கிறார்.

"இதுல கோட்பாடே இல்லையே, சும்மா தரவு தானே எடுக்கிறோம்" என்பார்கள். இதைத்தான் நான் மறுக்கிறேன். அந்த அ, ஆ, இ-க்குள் முழுசாக ஒரு கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது. ஒஸ்கார் லூயிஸ் என்ற மானிடவியலாளர் மெக்சிகோக் குடும்பங்களைப் பற்றி 1959-இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய 'வறுமைக் கலாசாரம்' என்ற கருத்து அது. ஏழைகளிடம் வறுமை ஒரு வாழ்க்கை முறையாகவே படிந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்பது அதன் சாரம். அதைக் கையில் எடுத்தவர்கள் கடைசியில் பழியையும் ஏழையின் பழக்கவழக்கத்தில் போட்டார்கள். அதற்குக் கடும் எதிர்ப்பு வந்து ஐம்பது வருடமாகிறது. நம்ம வினாக்கொத்துக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

கேட்காமல் விட்ட கேள்விகளையும் பாருங்கள். இந்தக் காணி யார் பெயரில்? கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள்? அதை யார் தீர்மானித்தது? உங்களுக்கு வரும் கடிதம் நேரே வீட்டுக்கு வருகிறதா, தோட்டத்து ஆபீஸ் வழியாகவா? இதில் ஒன்றைக் கேட்டாலும் 'பிரச்சினை' லயத்துக்குள்ளே இருந்து வெளியே நகர்ந்துவிடும். கேட்காமல் இருப்பதும் ஒரு கோட்பாட்டு முடிவுதான். பெயர் தெரியாத கோட்பாட்டைப் பேசுகிறவர் அதைப் பொது அறிவு என்று நினைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

'பின்தங்கிய' என்ற சொல்லையும் எடுங்கள். எங்கள் ஊர் நோட்டன் பிரிட்ஜ். வெளியாட்களுக்கு அது தெரிந்தால் ரெண்டு விஷயத்துக்காகத் தெரியும். ஒன்று அணைக்கட்டு. மற்றது 1974 டிசம்பரில் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்துபோன விமானம். அந்த அணையில் தேங்குகிற கெசல்கமு ஓயாத் தண்ணீர்தான் லக்ஷபான மின்நிலையத்தை ஓட்டுகிறது. 1950-இலிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். கம்பி நம்ம மலைக்கு மேலாகத்தான் கொழும்புக்குப் போனது. மலையில் இருந்த லயங்களுக்கோ அதற்குப் பிறகும் பல வருடம் குப்பி விளக்குதான். இப்போது சொல்லுங்கள், இது 'பின்தங்கிய' பிரதேசமா? யாரோ முன்னே போனபோது நாம் பின்னே நின்றுவிட்டோமா? அல்லது அவர்கள் முன்னே போனதே இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனதாலா?

முதல் கேள்வி நவீனமயமாக்கல் கோட்பாடு. கடைசிக் கேள்வி 1966-இல் ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் எழுப்பியது. கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களை வைத்து ஜமேக்காக்காரர் ஜோர்ஜ் பெக்ஃபோர்ட் 1972-இல் அதை இன்னும் கூர்மையாக்கினார். தோட்டம் இருந்தும் மக்கள் ஏழையாக இருக்கவில்லை, தோட்டம் என்ற அமைப்பே வறுமையை நிலைநிறுத்துகிறது என்றார் அவர். தேயிலைக்குப் பதிலாகக் கரும்பு, அவ்வளவுதான். பெக்ஃபோர்டின் பெயர் நம்ம எத்தனை பேர் நோட்ஸில் இருக்கு?

ரெண்டு வினாக்கொத்து

கேள்வி கேட்பது யார் என்ற விஷயம் சமூகவியலின் பிறப்பிலேயே இருக்கிறது. நோட்ஸ் அதை மறைத்துவிடுகிறது.

1892-இல் ஜேர்மனியில் எல்பே நதிக்குக் கிழக்கே இருந்த பெரும் பண்ணைகளின் கூலித் தொழிலாளர் பற்றி ஒரு பெரிய ஆய்வறிக்கை வந்தது. எழுதியவருக்கு அப்போது 28 வயது. பெயர் மக்ஸ் வெபர். அந்த ஆய்வுக்கான வினாக்கொத்து யாருக்கு அனுப்பப்பட்டது தெரியுமா? தொழிலாளருக்கு இல்லை, பண்ணை முதலாளிகளுக்கு. தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று துரையிடம் கேட்டார்கள். அதன் குறை வெபருக்கும் தெரிந்தது. அடுத்த ஆய்வில் கிராமத்துப் பாதிரிமாரிடம் கேட்டுப் பார்த்தார். அப்போதும் தொழிலாளியிடம் நேரே கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1895-இல், ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அவர் ஆற்றிய தொடக்க உரையில் இந்த ஆய்வு என்னவாக மாறியது என்று பாருங்கள். போலந்திலிருந்து வரும் பருவகாலத் தொழிலாளர்கள் குறைந்த தேவைகளோடு வாழப் பழகியவர்கள், அதனால் ஜேர்மன் விவசாயியை வெளியே தள்ளுகிறார்கள், கிழக்கு எல்லையை அவர்களுக்கு மூடவேண்டும். இதுதான் அவர் வாதம். இதை வாசிக்கும்போது நமக்கு ஏதாவது ஞாபகம் வரவேண்டும். 1930-களில் இலங்கை அரசியல் மேடைகளில் 'இந்தியக் கூலி' பற்றிப் பேசியதும், 1948-இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் போய் முடிந்ததும் இதே தர்க்கம்தான். விழுமிய நடுநிலை பற்றி நாம் பாடமாக்கும் அதே வெபர், குடிபெயர்ந்த தோட்டத் தொழிலாளியைப் பற்றி இப்படியும் பேசினார்.

அதற்காக வெபரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முழுசாகப் படிக்கச் சொல்கிறேன். மலிவான உழைப்புக்காக முதலாளி எப்படி ஆட்களை மாற்றுகிறார் என்று அவரளவு துல்லியமாகப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்ததிலிருந்து எந்த முடிவுக்குப் போனார் என்பதில்தான் சண்டை. நோட்ஸிலுள்ள வெபரோடு சண்டை பிடிக்க முடியாது. அவர் மூன்று வகை அதிகாரத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொரு வினாக்கொத்து 1880-இல் வந்தது. ஒரு பிரெஞ்சுச் சஞ்சிகைக்காக, வயதான, உடம்பு சரியில்லாத மார்க்ஸ் சுமார் 100 கேள்விகள் எழுதினார். அது நேரே தொழிலாளருக்கு. வேலை நேரம் எவ்வளவு, கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள், விபத்து நடந்தால் என்ன செய்கிறார்கள், வேலைநிறுத்தம் நடந்ததா, எப்படி முடிந்தது? பதில் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் அந்தக் கேள்விகளை வரிசையாக வாசித்துப் போகும் தொழிலாளிக்குத் தன் வேலை எப்படி நடக்கிறது என்ற படம் தானாகவே கிடைத்துவிடும். கேள்வியே பாடம்.

இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு விரிவுரை நடத்தினால் கோட்பாடும் முறையியலும் ஒரே மணித்தியாலத்தில் புரியும்.

கிராமம் இருந்தது, தோட்டம் இல்லை

இலங்கையில் சமூகவியல் பல்கலைக்கழகப் பாடமாகக் காலூன்றியது சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில். அதாவது நம்ம ஆட்களின் பிரஜாவுரிமை பறிபோன அதே காலம். அந்தத் துறையின் முதல் பேராசிரியர், அமெரிக்கரான பிறைஸ் ரயன், 1953-இல் 'நவீன இலங்கையில் சாதி' என்ற புத்தகம் வெளியிட்டார். தலைப்பில் இலங்கை, உபதலைப்பில் சிங்களச் சாதி அமைப்பு. 1956-இல் ரல்ஃப் பீரிஸ் எழுதியது கண்டிக்காலச் சிங்களச் சமூக அமைப்பு பற்றி. 1961-இல் எட்மண்ட் லீச் எழுதியது வறண்ட வலயத்துப் புல்எலிய கிராமம் பற்றி. நூர் யல்மன் 1950-களில் நம்ம நுவரெலியா மாவட்டத்துக்கே வந்து, வலப்பனைப் பக்கம் ஒரு கண்டிக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார்.

இவை எல்லாம் நல்ல புத்தகங்கள். அவர்கள் கிராமத்தைப் படித்ததில் தப்பில்லை. ஆனால் 'இலங்கைச் சமூகம்' என்றாலே வயல், குளம், விகாரை உள்ள கிராமம் என்ற படம் அந்த அத்திவாரத்தில்தான் போடப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த தோட்டம் அந்தப் படத்தில் இல்லை. அது பொருளாதாரப் பாடத்தில் ஏற்றுமதியாக இருந்தது, அரசியல் பாடத்தில் பிரச்சினையாக இருந்தது, சமூகமாக இருக்கவில்லை.

பிறகு வந்தார்கள். 1975-இல் ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களில் சாதியை ஆராய்ந்தார். 1982-இல் ரேச்சல் குரியன் தோட்டத்துப் பெண் தொழிலாளர் பற்றி எழுதினார். 1996-இல் வலன்டைன் டானியல், 2019-இல் மைத்ரி ஜெகதீசன். இவர்களுக்கு முன்னமே, எந்தத் துறையிலும் இல்லாமல், தோட்டத்தில் பிறந்து தொழிற்சங்கத்தில் வேலை செய்த சி.வி. வேலுப்பிள்ளை 1970-இல் லயத்து வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். பெயர்ப் பட்டியலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் புத்தகங்கள் எந்தப் பேப்பரில் வருகின்றன என்று பாருங்கள். வந்தால் 'இலங்கைச் சமூகம்' என்ற பாடத்தில் ஒரு வாரம் வரும். கோட்பாட்டுப் பேப்பரில் வராது. ஐரோப்பியத் தொழிற்சாலையைப் பற்றி எழுதினால் கோட்பாடு. நம்ம தேயிலைமலையைப் பற்றி எழுதினால் உதாரணம்.

மலையிலிருந்து பார்த்தால்

1867-இல் மூலதனத்தின் முதல் பாகம் வெளிவந்தது. அதே 1867-இல்தான் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ரெண்டுக்கும் ஒரே வயது. ஆனால் நம்ம பாடத்திட்டத்தில் ரெண்டும் சந்தித்ததே இல்லை. சந்திக்க வைத்துப் பார்ப்போம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்று சொல்வோம். "இன்னிக்குப் பேர் விழுந்துச்சா?" "கிலோ பத்தலனு அரைப் பேர்தான் போட்டாங்க." ஒரு மனுஷியின் பெயரும் அவளுடைய ஒரு நாள் உழைப்பும் ஒரே சொல். கிலோ குறைந்தால் பேரே பாதியாகும். அந்நியமாதலுக்கு நாலு வகை எழுதுகிற நாம், இந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்தும், விடைத்தாளில் ஒரு நாளும் எழுதுவதில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டில் கேட்ட பேச்சு கம்பஸுக்கு உதவாது என்று யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள்.

மூலதனத்தில் துண்டுக்கூலி பற்றி ஒரு சின்ன அத்தியாயம் இருக்கிறது. பொருளின் அளவுக்குக் கூலி என்பது நாள்கூலியின் வேறொரு உருவம்தான் என்கிறார் மார்க்ஸ். மேற்பார்வையை அந்தக் கூலி முறையே செய்துவிடும், தொழிலாளி தன்னைத் தானே விரட்டிக்கொள்வார். நம்ம தோட்டத்தில் ரெண்டும் சேர்ந்தே இருக்கிறது. பெயருக்கு நாள்கூலி, கிலோவுக்குள் துண்டுக்கூலி. எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021-இல் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. வந்ததும் பல தோட்டங்களில் என்ன நடந்தது? எடுக்கவேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். ரூபாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அந்தச் சின்ன அத்தியாயத்தை வாசித்தவருக்குச் சண்டை ரூபாவில் மட்டுமில்லை, தராசிலும் இருக்கு என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அடுத்தது எர்விங் கொஃப்மன். 1961-இல் 'முழுமை நிறுவனம்' பற்றி எழுதினார். தூங்குவது, வேலை செய்வது, பொழுதுபோக்குவது எல்லாம் ஒரே கூரையின், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடங்கள். மனநல விடுதி, சிறை, படைமுகாம் என்ற அவருடைய பட்டியலில் காலனித்துவக் கூலிக் குடியிருப்புகளும் வருகின்றன. அட, நம்ம லயம்! பிள்ளைக்காம்பிரா, பள்ளிக்கூடம், கோயில், சுடுகாடு எல்லாம் தோட்டத்துக்குள்ளேதானே? ஆனால் கொஃப்மன் இன்னொன்றும் சொன்னார். முழுமை நிறுவனமும் குடும்பமும் ஒன்றாகப் போகாது, குடும்பம் இருந்தால் அந்த அதிகாரத்துக்கு எதிர்ப்பு இருக்கும் என்று. இங்கேதான் தோட்டம் அவரை மடக்குகிறது. தோட்டம் குடும்பத்தை வெளியே நிறுத்தவில்லை, குடும்பம் குடும்பமாக ஆள் எடுத்தது. அடுத்த தலைமுறைக் கூலியை லயத்துக்குள்ளேயே வளர்த்தது. அப்படியென்றால் குடும்பம் அதிகாரத்துக்கு எதிரா, துணையா? எப்போது எதிர், எப்போது துணை? இதற்குப் பதில் எழுதுகிறவர் கொஃப்மனுக்கு உதாரணம் கொடுக்கவில்லை, கொஃப்மனைத் திருத்துகிறார். கோட்பாடு பண்ணுவது என்றால் இதுதான். அதைப் பண்ண நம்மிடம் இருப்பதைவிட நல்ல இடம் யாரிடமும் இல்லை.

"வெள்ளைக்காரன் சரக்கு"

இதை எழுதினால் ரெண்டு பக்கத்திலிருந்தும் அடி வரும் என்று தெரியும்.

முதல் பக்கம்: "இதெல்லாம் வெள்ளைக்காரன் தியரி. நமக்கு நம்ம சிந்தனை போதும்." கேட்க நல்லா இருக்கு. ஆனால் இப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோட்பாட்டையே விட்டுவிட்டுப் பெருமை பேசத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளைக்காரனிடமும் எல்லாரும் ஒரே ஆள் இல்லை. கொம்டை 1853-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஹரியட் மார்ட்டினோ, அதற்கு 20 வருடம் முன்னமே, 1833-இல், இலங்கைக்கு வராமலே 'கறுவாவும் முத்தும்' என்று ஒரு கதை எழுதினார். இலங்கையின் கறுவாவிலும் முத்திலும் காலனித்துவ ஏகபோகம் எப்படி உள்ளூர் மனிதரை ஏழையாக்குகிறது என்பதுதான் கதை. ஒரு சமூகவியல் முன்னோடி நம்ம தீவைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்ம நோட்ஸில் 'தந்தை' மட்டும்தான் உண்டு.

அமெரிக்காவில் டுபோய்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிலடெல்ஃபியா நகரில் வீடு வீடாகத் தானே ஏறி இறங்கி, 1899-இல் தன் ஆய்வை வெளியிட்டார். அவரையும் கறுப்பர்களின் 'பிரச்சினை'யைப் படிக்கத்தான் கூப்பிட்டார்கள். 1903-இல் அவர் வெளியிட்ட புத்தகம், ஒரு மனிதன் தானே ஒரு பிரச்சினையாகப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. 'பெருந்தோட்ட மக்களின் பிரச்சினைகள்' என்று தலைப்பு வாங்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் இவரைக் கொடுக்கவேண்டும்.

பக்கத்து நாட்டிலிருந்தும் ஒருத்தர். மலேசியாவின் சையத் ஹுசைன் அலடாஸ், 1977-இல், 'சோம்பேறிச் சுதேசி' என்ற கட்டுக்கதை எப்படி உருவானது என்று எழுதினார். மலாய், ஜாவா, ஃபிலிப்பைன்ஸ் மக்கள் சோம்பேறிகள் என்று காலனித்துவம் சொன்னது, அவர்கள் தங்கள் நிலத்தில் உழைக்கவில்லை என்பதற்காக இல்லை. தோட்டத்தில் வந்து உழைக்கவில்லை என்பதற்காக. இதைக் கண்டிக்கு எடுத்துவந்து பாருங்கள். 1840-இன் முடிக்குரிய காணிச் சட்டம் மலைக்காணியை முடிக்கு எடுத்துக்கொண்டது. தனக்கு வயல் இருக்கும்போது அற்பக் கூலிக்குக் கோப்பி பறிக்க வராத கண்டிச் சிங்கள விவசாயிக்கு 'சோம்பேறி' என்று பெயர் வைத்தார்கள். கடனோடு கடல் கடந்து வந்து, திரும்பிப்போக வழியில்லாத தமிழருக்கு 'அடக்கமான கூலி' என்று பெயர் வைத்தார்கள். ரெண்டு பெயரையும் எழுதியது ஒரே கணக்குப் புத்தகம். அந்த ரெண்டு பேரின் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு ஒரே விரிவுரை மண்டபத்தில், மொழியால் பிரிந்து, தனித்தனி நோட்ஸில், ஒருவரைப் பற்றி ஒருவர் அதே பெயர்களை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்பாடு பயனில்லாத பாடம் என்கிறவர் இதற்கு என்ன சொல்கிறார்?

மற்றப் பக்கம்: "தம்பி, வீட்டு நிலைமையைப் பாரு. டிகிரியை முடிச்சு வேலையைத் தேடு." இதைச் சொல்கிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் நமக்குக் கிடைக்கப்போகும் வேலை என்ன? ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், நலன்புரி உத்தியோகத்தர், தொண்டு நிறுவனத்தில் கள அலுவலர். அத்தனையும் படிவத்தோடும் வினாக்கொத்தோடும் லயத்துக்குப் போகும் வேலைகள். யாருக்கு வீடு, யாருக்கு நிவாரணம், எந்தப் பிள்ளை 'அக்கறையில்லாத பெற்றோரின் பிள்ளை' என்று எழுதப்போவது நாம்தான். அந்தப் படிவத்துக்குள் என்ன கோட்பாடு ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் போனால், நம்ம கையாலேயே நம்ம ஆட்களைப் 'பிரச்சினை' என்று பதிவு செய்துவிட்டு வருவோம். சம்பளமும் வரும்.

ஆகவே

கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கோட்பாட்டுப் பேப்பரில் நாலு பேரின் பிறந்த வருடத்தைக் குறைத்து, நாலு மூல அத்தியாயத்தைக் கூட்டுங்கள். தமிழில் இல்லையா? ஒரு பெட்ச் சேர்ந்தால் துண்டுக்கூலி அத்தியாயத்தை ஒரு விடுமுறைக்குள் தமிழாக்கிவிடலாம். அதுவும் அசைன்மென்ட்தான். "விளக்குக" என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு சம்பளத் துண்டைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து, "இதை மார்க்ஸும் வெபரும் எப்படி வாசிப்பார்கள், எங்கே தோற்பார்கள்?" என்று கேளுங்கள். ஆய்வு செய்யப் போகும் ஒவ்வொருவரும் தன் வினாக்கொத்தின் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அதற்குள் இருக்கும் எடுகோள் என்ன என்று ஒரு வரி எழுதட்டும். ஆய்வு முடிந்ததும் அதே லயத்துக்குத் திரும்பிப்போய், கண்டதை அந்த அம்மாவிடமே சொல்லிக்காட்டட்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஆய்வில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஹட்டனிலோ, மஸ்கெலியாவிலோ, நோட்டனிலோ லீவுக்கு வீட்டுக்கு வருகிற நாலு பேர் சேர்ந்தால் ஒரு வாசிப்பு வட்டம். பேராசிரியர் வேண்டாம், ஒரு அத்தியாயமும் ஒரு பழைய செக்ரோலும் போதும். வேலைக்குப் போய்விட்டு வந்த அம்மாமாரையும் கூப்பிடுங்கள். 'பேர்' என்றால் என்ன என்று அவர்கள் விளக்கட்டும், நாம் குறிப்பெடுப்போம்.

2023-இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அது காலால் எழுதிய வரலாறு. அடுத்த வேலை கேள்விகளை எழுதுவது. அதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதிக்கொண்டு வருவார்கள். அதிலும் முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் மது அருந்துபவர் உள்ளாரா?" என்றுதான் இருக்கும்.